மணிக்கணக்கில் அளக்கப்படும் சேவை

டிசம்பர் 3 நெருங்கினால் சிறப்புப் பள்ளிகளின் தொலைபேசி ஓயாது. ஐக்கிய நாடுகள் அவை 1992-இல் அறிவித்த உலக மாற்றுத்திறனாளிகள் நாள் அது. நாற்பது மாணவர்கள் வருகிறோம், இரண்டு மணி நேரம் கொடுங்கள், பாட்டு, நடனம், மதியச் சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு என்று கல்லூரிகள் நாள் கேட்கும். ஒரே வாரத்தில் மூன்று கல்லூரிகளின் பிரியாணியைச் சாப்பிட வேண்டிய நிலைகூடக் குழந்தைகளுக்கு வருவதுண்டு. ஜூனில் பள்ளி திறக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அம்மாவின் முந்தானையை விடாமல் அழுவார்கள். ஒரு வகுப்புக்கு இன்னும் இரண்டு கைகள் இருந்தால் தேவலை என்று ஆசிரியர் தவிப்பார். அந்த வாரங்களில் எந்தக் கல்லூரியிலிருந்தும் அழைப்பு வருவதில்லை.

சிறப்புக் குழந்தைகளிடையே மாணவர்கள் தொண்டு செய்யும் வழக்கத்தை எடைபோட இந்த நாட்காட்டியே நல்ல தொடக்கம். வருகிற பிள்ளைகளின் மனசில் கோளாறு எதுவுமில்லை. பெரும்பாலோர் உண்மையான பரிவோடுதான் வருகிறார்கள். ஆனால் அந்தத் தொண்டு கல்லூரியின் வசதிக்கு ஏற்பத் தொடங்குகிறது, கல்லூரியின் அளவுகோலால் அளக்கப்படுகிறது, கல்லூரியின் தேர்வு வந்தால் நின்றுவிடுகிறது. குழந்தை அதில் பாடப்பொருள் மட்டுமே.

அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம், முடித்தவருக்குச் சான்றிதழ். கல்லூரியில் இது விரிவாக்கப் பணி என்ற கணக்கில் சேர்ந்து மதிப்பெண்ணாகிறது. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது காட்ட வேண்டிய கோப்பாகவும் ஆகிறது. அந்தக் கோப்பு கேட்பது தேதி, இடம், கலந்துகொண்டவர் எண்ணிக்கை, மணி நேரம், புகைப்படம். நாற்பது பேர் ஒரு காலையில் மூன்று மணி நேரம் இருந்தால் மொத்தம் 120 மணி நேரம். ஒரே மாணவி வாரம் நான்கு மணி நேரம் வீதம் முப்பது வாரம் ஒரே வகுப்புக்குப் போனாலும் 120 மணி நேரம். ஆண்டறிக்கையில் கூட்டிப் போடும்போது இரண்டும் ஒரே எண். படம் எடுக்க முதலாவதுதான் தோது என்பதால் கல்லூரிக்கும் அதுவே பிடித்துப்போகிறது.

வகுப்பறைக்குள் அந்த இரண்டும் ஒன்றல்ல. சிறப்புப் பள்ளியின் ஒரு நாளை உள்ளே இருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். காலையில் வட்டமாக உட்கார்ந்து பெயர், கிழமை, வானிலை சொல்லும் நேரம். பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக வகுத்த கல்வித் திட்டப்படி வேலை. இடையில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சாப்பாடு, கழிப்பறைப் பயிற்சி. வெளியிலிருந்து வருபவருக்கு இதில் சாப்பாட்டு நேரம்தான் எளிதாகத் தெரியும். ஊட்டிவிடுவதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலருக்கு விழுங்குவதே பெரும்பாடு. தலை பின்னால் சாய்ந்திருந்தால் சோறு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகும். சில குழந்தைகளுக்கு அப்போது இருமல்கூட வராது. நாலு நாள் கழித்து நிமோனியாவாக வெளிப்படும். அதனால் குழந்தையை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஊட்டுபவர் நின்றுகொண்டு மேலிருந்து கொடுத்தால் குழந்தை அண்ணாந்து பார்க்கும். ஆகவே எதிரே, கண்மட்டத்தில் உட்கார வேண்டும். சோறு குழைவாக இருக்க வேண்டும், தண்ணீர்கூடச் சிலருக்குக் கெட்டியாக்கித்தான் தரவேண்டும். ஒரு வாய் விழுங்கி முடித்ததைப் பார்த்த பிறகே அடுத்த வாய். இதைப் பள்ளியின் ஆயாம்மாக்கள் நன்றாக அறிவார்கள். பிறந்தநாள் கேக்கோடு வந்து, செல்ஃபிக்காகக் குனிந்து ஒரு துண்டை வாயில் வைக்கும் மாணவிக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் வேறு விதத்தில் விலை கொடுக்கிறார்கள். அவர்களில் பலருக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதே நிம்மதி. அதற்காகத்தான் சுவரில் படங்களால் ஆன அட்டவணையை ஒட்டிவைத்திருப்பார்கள். நாற்பது புது முகங்கள், மைக், கைதட்டல், வெடிக்கும் பலூன் என்று அந்த அட்டவணை ஒரே அடியில் கலைகிறது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடும், அல்லது தன் கையையே கடித்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் ‘பாவம்’ என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பேருந்து ஏறுவார்கள். அன்றைய பிற்பகலும் மறுநாளும் ஆசிரியர் தலையில்.

இன்னொரு குறை இவ்வளவு எளிதாகக் கண்ணுக்குத் தெரியாதது. என் கணிப்பில் இதுவே பெரியது. உதவ வந்தவர் உதவித் தொலைக்கிறார். சட்டைப் பொத்தான் போடக் கற்பிக்கும்போது சிறப்பாசிரியர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு, இழுத்து முடிக்கும் வேலையை மட்டும் குழந்தையிடம் விடுவார்கள். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. ஒரு பொத்தானுக்கு மாதக்கணக்கு ஆகலாம். பக்கத்தில் நிற்கும் புது அண்ணா அஞ்சு நிமிடம் பொறுக்க மாட்டாமல் பத்து நொடியில் மாட்டிவிடுகிறார். தலையைத் தடவிக் கொடுத்துவிட்டும் போகிறார். குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: சும்மா இருந்தால் யாராவது செய்து தருவார்கள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் இந்த இடத்தில் தொண்டு. அதை இரண்டு மணி நேர வருகையில் யாரும் கற்க முடியாது.

அப்படியானால் மாணவர்களை வாசலோடு அனுப்பிவிடலாமா? பயிற்சி பெற்றவர்கள் மட்டும் போதும் என்று சொல்வோர் உண்டு. இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்யாமல் சிறப்பாசிரியராகப் பணியாற்றுவது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் ஆள்பற்றாக்குறை நிஜம். பொதுப் பள்ளிகளில் தொடக்க நிலையில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், நடுநிலையில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைப் பின்பற்றும்படி 2021-இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குழந்தை கழிப்பறைக்குப் போக வேண்டும், இன்னொன்றுக்கு வலிப்பு வருகிறது என்றால் பத்துப் பேர் உள்ள வகுப்பில் மீதி எட்டுப் பேரை யார் பார்ப்பது? தொடர்ந்து வரும் ஒரு மாணவர் அங்கே பொன்னுக்குச் சமம்.

ஆள்கணக்கைவிட முக்கியமான பலம் ஒன்று உண்டு, அது வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பதினாறு வயதுப் பையனைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? அம்மா, டீச்சர், தெரபிஸ்ட், எப்போதாவது வரும் டாக்டர். எல்லோரும் பெரியவர்கள், எல்லோரும் எதையாவது கற்றுக்கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள். ஸ்பூனைப் பிடி, நேராக உட்கார், கலர் என்ன சொல்லு. அவன் விழித்திருக்கும் நேரம் முழுக்கப் பயிற்சி நேரம்தான். இருபது வயது மாணவன் ஒருவன் வந்து, நேற்றைய மேட்சைப் பற்றிப் பேசி, புதுப் பாட்டுக்கு ஓர் ஆட்டம் போட்டு, அவன் சொல்கிற பழைய ஜோக்குக்கே மறுபடி சிரித்துவிட்டுப் போனால் அது எந்தத் தெரபியிலும் சேராது. சேராததுதான் அதன் மதிப்பு.

அமெரிக்காவில் இதைத் திட்டமாகவே செய்து பார்த்தார்கள். யூனிஸ் கென்னடி ஷ்ரைவரின் அக்கா ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு. யூனிஸ் 1962-இல் மேரிலாண்டில் உள்ள தன் பண்ணை வீட்டிலேயே கோடை முகாம் நடத்தி, அத்தகைய குழந்தைகளோடு ஓடியாட உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களை அழைத்தார். அந்த முற்றத்து முகாமின் வழியில்தான் 1968 ஜூலையில் சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நடந்தது. அவருடைய மகன் ஆண்டனி, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது வித்திட்டு 1989-இல் அமைப்பாக்கிய ‘பெஸ்ட் படீஸ்’, ஒரு மாணவருக்கு ஒரு நண்பர் என்ற ஒரே யோசனையில் பிறந்தது. பாடமோ பயிற்சியோ அந்த யோசனையில் இல்லை.

அதே ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்தான் மாணவர் தொண்டின் சறுக்கலையும் காட்டியது. ஓட்டப்பந்தயத்தின் முடிவுக்கோட்டில் ஓடி வருபவர்களைக் கட்டியணைக்கவென்றே தொண்டர்களை நிறுத்தும் வழக்கம் அங்கே நெடுநாள் இருந்தது. நாற்பது வயது வீரரையும் முன்பின் தெரியாத பத்தொன்பது வயது மாணவி குழந்தையைப் போல் அணைத்துக் கொஞ்சுவாள். வயதுக்கேற்ற மரியாதை எங்கே என்று கேட்டவர்கள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். 1980-களில் அதே அமைப்பு குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் ‘யூனிஃபைட்’ போட்டிகளுக்கு வழி திறந்தது. கோட்டுக்கு அப்பால் நின்று அணைத்த மாணவர் கோட்டுக்கு உள்ளே வந்து பந்தைக் கடத்துபவராகிறார். தவறான பாஸ் கொடுத்தால் திட்டும் வாங்குவார்.

இந்த இடமாற்றம் ஏன் முக்கியம் என்பதற்கு கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே விளக்கம் எழுதிவைத்திருக்கிறார். இரு பிரிவினர் சும்மா சந்தித்தால் முன்முடிவுகள் கரைந்துவிடாது. சம நிலை, பொதுவான இலக்கு, கூடிச் செய்யும் வேலை, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார் அந்த உளவியலாளர். நம்முடைய ஒருநாள் வருகைகளுக்கு நான்காவது மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. முதல்வரே கொடியசைத்துப் பேருந்தை அனுப்புகிறார். முதல் மூன்றும் கிடையாது. கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம். இப்படிச் சந்தித்தவர் திரும்பும்போது பரிதாபம் கூடியிருக்கும். ‘நமக்கு இப்படி இல்லை’ என்ற ஆறுதலும் கூடியிருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, சக்கர நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது போன்ற விழிப்புணர்வு விளையாட்டுகளும் இதே பாதையில்தான் கொண்டுபோய் விடுகின்றன. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அத்தகைய பாவனைப் பயிற்சிக்குப் பிறகு மாணவர்களிடம் பரிவு கூடியது. கூடவே குழப்பமும் கையாலாகாத உணர்வும் தங்களுக்கும் இப்படி ஆகிவிடுமோ என்ற அச்சமும் கூடின. பிறவியிலிருந்து பார்வை இல்லாமல் வாழ்ந்து பழகியவரின் வாழ்க்கையைப் பத்து நிமிட இருட்டு எப்படிக் காட்டும்?

1968 ஏப்ரலில், சிகாகோ போட்டிக்கு மூன்று மாதம் முன்பு, சமூக விமர்சகர் இவான் இல்லிச் மெக்சிகோவில் அமெரிக்க மாணவத் தொண்டர்கள் முன்னிலையில் பேசினார். நல்லெண்ணத்தையே போட்டுத் தாக்கிய பேச்சு அது. வாருங்கள், பாருங்கள், படியுங்கள். உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அதன் சாரம். அவர் பேசியது ஏழை நாட்டுக் கிராமங்களுக்குப் போகும் பணக்கார நாட்டுப் பிள்ளைகளைப் பற்றி. அப்படியே எடுத்துச் சிறப்புப் பள்ளிக்குப் பொருத்துவது எனக்கு உடன்பாடில்லை. நம் மாணவர்களில் பாதிப்பேர் அந்தக் குழந்தைகளின் தெருக்காரர்கள். மொழி ஒன்று, வறுமையும் பெரும்பாலும் ஒன்று. ஆனால் கிளம்பிப் போகும் வசதி ஒரு தரப்புக்கு மட்டும் இருக்கிறது என்ற உறுத்தல் இங்கேயும் பொருந்துகிறது.

ஏனென்றால் தொடர்ந்து வருபவர்களும் ஒருநாள் போகத்தான் போகிறார்கள். வாரம் தவறாமல் வந்த அக்கா நவம்பரில் செமஸ்டர் தேர்வு என்று நிற்கிறாள், ஜனவரியில் பிராஜெக்ட், அப்புறம் வேலை கிடைத்து பெங்களூரு. சொல்லிக்கொண்டு போனவர்கள் குறைவு. வாய் பேசாத குழந்தை அந்தக் கிழமை வந்ததும் வாசலைப் பார்க்கும். யாரிடமும் கேட்கவும் தெரியாது. இதற்குத் தீர்வு கடினமானதல்ல. எத்தனை வாரம் வரப்போகிறார் என்பதை முதல் நாளே படமாக வரைந்து சுவரில் ஒட்டலாம். வாரம் ஒன்றாகக் குழந்தையே அடித்துக்கொண்டு வரலாம். கடைசி நாளைக் கடைசி நாள் என்று சொல்லியே கொண்டாடலாம். ஆனால் பிரிவைத் திட்டமிட வேண்டும் என்ற எண்ணமே நம் தொண்டு விதிகளில் எங்கும் இல்லை.

இல்லாத இன்னொன்று பாதுகாப்பு விதி. குழந்தையின் உடல் அல்லது மனக் குறைபாட்டைப் பயன்படுத்தி நடக்கும் பாலியல் குற்றத்தை 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் கடுமை கூடிய குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. நடந்ததைச் சொல்ல முடியாத குழந்தைகள் என்பதால்தான் அந்தத் தனிப் பிரிவு. அப்படியிருக்க, பெயர்ப்பட்டியல் ஒன்றோடு நாற்பது பேரை உள்ளே விடுவதில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பொறுப்பு இருக்கிறது. குழந்தையோடு தனியறையில் இருக்கக் கூடாது, கழிப்பறைக்குப் பள்ளி ஊழியரே அழைத்துப் போக வேண்டும், மடியில் உட்காரவைக்க வேண்டாம் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தாலே போதும். அது மாணவரையும் வீண்பழியிலிருந்து காக்கும். புகைப்படம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காத படம் வெளியே போகக் கூடாது. ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், மாற்றுத்திறனாளிகளின் படங்களை மற்றவர்களின் உற்சாகத்துக்குத் தீனியாக்கும் பழக்கத்தைச் சிரிக்கச் சிரிக்க உரித்துக் காட்டிவிட்டு 2014-இல் இறந்துபோனார். நம் ஊர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களை அவர் பார்க்காமல் போனது நமக்கு நல்லது.

இவ்வளவு குறைகளும் ஒட்டாத ஒரு மாணவர் தொண்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொண்டுகளின் பட்டியலில் கடைசியில்தான் சொல்வோம். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக்கொடுக்கும் ஸ்கிரைப் வேலை. ஒரு மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாகக் குறைந்தது இருபது நிமிடம் தர வேண்டும், தேர்வரே அழைத்து வரும் ஸ்கிரைப் அவரைவிட ஒரு படி குறைந்த கல்வித்தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்று 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறை சொன்னது. அந்தத் தேர்வறையில் யார் எஜமான் என்பதில் ஐயமே இல்லை. பார்வையற்றவர் சொல்கிறார், மற்றவர் எழுதுகிறார். ஸ்கிரைப் தன் சொந்த அறிவைக் காட்டினால் அது உதவி ஆகாது, காப்பியடித்தல் ஆகும். சொல்லாததை எழுதாமல் இருக்கவும், திருத்தச் சொன்னால் திருத்தவும், வாயை மூடிக்கொண்டு இருக்கவும் அந்தத் தேர்வு நேரம் கற்றுத்தருகிறது. நேரம் முடிந்தால் வேலை முடிந்தது. ஏமாற்றம் யாருக்கும் இல்லை. கணக்கும் வேதியியலும் எழுதத் தெரிந்த ஸ்கிரைப் கிடைப்பதில்லை, தேர்வுக்கு முந்தைய இரவு வரை ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்ற குறைகள் உண்மை. ஆனால் அவை ஆள் போதாததால் வரும் குறைகள். உறவின் அமைப்பில் கோணல் இல்லை.

சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலியையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். பேச முடியாத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேச உதவும் அந்தக் கருவியை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகர் போன்ற சிறப்புக் கல்வி நிறுவனங்களின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து உருவாக்கினார். தேவை என்ன என்பதை முதலில் உள்ளே இருப்பவர்கள் சொன்னார்கள். கைவேலை வெளியிலிருந்து வந்தது. ஒரு பொறியியல் மாணவர் தன் 120 மணி நேரத்தை ஒரே ஒரு குழந்தையின் நாற்காலிக்குச் சரியான சாய்வு பார்த்துத் தருவதில் செலவிட்டால், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மேற்பார்வையில், அது எந்தக் கலைநிகழ்ச்சியையும்விட அதிக நாள் நிற்கும். பி.காம். மாணவி உதவித்தொகை விண்ணப்பங்களையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான தாள்களையும் பெற்றோருக்கு நிரப்பித் தரலாம். குழந்தையைத் தொடாமலே செய்யக்கூடிய இத்தகைய வேலைகள் மலைபோல் கிடக்கின்றன. படத்தில் அழகாக விழாது என்பதால் கேட்பாரில்லை.

சான்றிதழை எதிர்ப்பவன் அல்ல நான். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தத் தாள் வேலைக்கு உதவும் என்றால் நல்லதுதான். அதில் கையெழுத்திடும் அதிகாரம் மட்டும் இடம் மாறட்டும். இப்போது திட்ட அலுவலரும் முதல்வரும் கையெழுத்திடுகிறார்கள். வகுப்பின் சிறப்பாசிரியர் கையெழுத்தும், முடிந்தால் ஒரு பெற்றோரின் கையெழுத்தும் இல்லாமல் மணி நேரம் செல்லாது என்று வைத்துவிட்டால், நாட்காட்டி தானாகப் பள்ளியின் கைக்கு வந்துவிடும். நாற்பது பேர் பேருந்து குறையும். முப்பது வாரம் வரும் நான்கு பேர் கூடுவார்கள்.

கடைசியாக, தொண்டர் பட்டியலில் யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடத்தை ஒதுக்கியது. ஆகவே, அதே கல்லூரியில், அதே வகுப்பில், காலிபர் அணிந்தவரும் காது கேளாதவரும் பார்வையற்றவரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். சிறப்புப் பள்ளிக்குக் கிளம்பும் பேருந்தில் அவர்கள் பெரும்பாலும் ஏறுவதில்லை. படி உயரம் என்பது ஒரு காரணம். அவர்கள் தொண்டு பெற வேண்டியவர்கள், செய்ய வேண்டியவர்கள் அல்ல என்ற எண்ணம் பெரிய காரணம். தென்காசிக்கு அருகே ஆயிக்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அந்த நிறுவனத்துக்கு வரும் தொண்டர்கள் ஒரு மாற்றுத்திறனாளி உருவாக்கிய இடத்தில், அவர் வகுத்த வழியில் வேலை கற்கிறார்கள். ஊன்றுகோலோடு வரும் கல்லூரி அண்ணா ஒருவர் வகுப்பில் உட்கார்ந்தால், ஏழு வயதுக் குழந்தைக்கு மட்டுமில்லாமல், வாசலில் காத்திருக்கும் அதன் அம்மாவுக்கும் கேட்க நூறு கேள்விகள் இருக்கும்: எந்த ஸ்கூலில் படித்தாய், பஸ்ஸில் எப்படி ஏறுகிறாய், ஹாஸ்டலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் தம்பி? மற்ற முப்பத்தொன்பது பேரில் யாரிடமும் அதற்குப் பதில் இல்லை.